கூட்டி எழுதிய எட்டு கிலோ

குடிக்கட்டும், மெதுவாகவே குடிக்கட்டும் என்று நினைத்தாள் சாந்தாமணி. மறு நொடியே, ஒரு டம்ளர் டீயைக் குடிக்க ஒரு மனுசனுக்கு இவ்வளவு நேரமா என்று எரிச்சல் வந்தது. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெஞ்சமினுக்கு இந்த இரண்டும் தெரியாது. கம்பெனியிலுள்ள கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று வருசத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்து, ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகிறவர் அவர். சரியென்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு. அவர் காலடியில் மரப்பெட்டி இருந்தது. அதற்குள் பத்துப் பத்து கிலோவாக ஐந்து எடைக்கற்கள். மேஜைமேல் கேஜ் மல்லாந்து கிடந்தது. கனமான இரும்பு உடம்பு, வட்டமான முகம், ஐம்பது வரைக்கும் எண்கள், ஒரு கறுப்பு முள், ஒரு சிவப்பு முள். சைக்கிள் பிரேக் கேபிளை அதன் கொக்கியில் மாட்டி இழுத்தால் கறுப்பு முள் சிவப்பையும் தள்ளிக்கொண்டு ஏறும். கேபிள் விட்டுக்கொடுத்ததும் கறுப்பு கீழே இறங்கிவிடும், சிவப்பு மட்டும் எந்த எண்ணில் விட்டதோ அந்த எண்ணிலேயே நிற்கும். நாற்பதுக்கு மேல் நின்றால் அந்தக் கேபிளை நம்பி ஒரு பிள்ளை பள்ளத்தில் சைக்கிள் விடலாம், நாற்பதுக்குக் கீழே என்றால் கூடாது. சிவப்பு முள் நிற்கும் எண்ணைப் படித்து நோட்டில் எழுதுவதுதான் சாந்தாமணியின் வேலை. ஆறு வருசமாக ஒழுங்காக எழுதினாள். கடைசிப் பதினோரு நாளாக அதில் எட்டைக் கூட்டி எழுதினாள்.

அதைப் பொய் என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை, அதுதான் வேடிக்கை. பொய் வேறு, கோணலாகிப் போனதை நிமிர்த்துவது வேறு என்று தனக்குத்தானே பதினோரு நாளும் சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல அது சரியாகவே பட்டது. எல்லாம் அந்த ஆயுத பூஜையன்று வந்த வினை. அன்றைக்குக் கம்பெனி பூராவும் மெஷின்களைக் கழற்றிக் கழுவி, எண்ணெய் போட்டு, மறுபடி பூட்டிக்கொண்டிருந்தார்கள். ஆறுக்குட்டியண்ணன் தன் வார்ப்பு மெஷினுக்கு, கேபிள் கம்பியின் நுனியை விரிக்கிற புது இரும்புப் பஞ்ச் வேறு மாட்டி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதற்கு மாலை போட்டார். வாசலில் பூசணிக்காய் உடைக்கக் கூப்பிட்டார்கள். இதோ வந்துட்டேன் என்று குரல் கொடுத்துவிட்டு, சாந்தாமணி சந்தனம் குழைத்த கையோடு கேஜை ஸ்டாண்டிலிருந்து எடுத்தாள். துடைத்து, நெற்றி மாதிரி மேல் விளிம்பில் ஒரு பொட்டு வைத்து, பூ வைத்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடலாம் என்று. கை வழுக்கிற்று. தரையில் விழுந்த சத்தம் இன்றைக்கும் அவள் முழங்காலில் கேட்கிறது. வெளியே அதே நேரத்தில் பூசணிக்காய் உடைந்தது, எல்லோரும் கை தட்டினார்கள், யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. எடுத்துப் பார்த்தாள். கண்ணாடி உடையவில்லை. முள் பூச்சியத்தில் ஒழுங்காக நின்றது. மூலையில் மட்டும் நகக்கண் அளவு பெயிண்ட் போயிருந்தது. பைத்தியக்காரி, அதைக் காதில் வைத்துக் கேட்டாள், உள்ளே ஏதாவது ஆடுகிறதா என்று. பிறகு போன பெயிண்ட்டின் மேலே சந்தனத்தை அப்பிக் குங்குமத்தை வைத்தாள். அவள் ஆயுசில் சாமிக்கு வைத்த பொட்டிலேயே பயந்து வைத்த பொட்டு அதுதான்.

விழுந்த கருவியைச் சிவப்புச் சீட்டுக் கட்டிப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு மேனேஜரிடம் சொல்ல வேண்டும் என்பது விதி. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது, அவளே வாரம் ஒரு தடவை துடைக்கிற சட்டம். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? போன வருசம் ஸ்டோரில் இருந்த பையன் வெர்னியர் அளவுகோலைக் கீழே போட்டான், நல்ல பிள்ளையாக வந்து சொன்னான், மறுநாள் பேக்கிங்கில் நின்றான். பேக்கிங் என்றதும் சாந்தாமணியின் இடுப்பு தானாகவே ஒரு தடவை நிமிர்ந்தது. பதினான்கு வருசம் அங்கே நின்றவள் அவள். நூறு கேபிளை ஒரு கட்டாகக் கட்டி, கட்டை அட்டைப் பெட்டியில் அடுக்கி, பெட்டியைத் தூக்கி, மறுபடி நூறு, மறுபடி கட்டு. அங்கிருந்து இந்த அறைக்கு வந்தபோது கொடுத்த வெள்ளைக் கோட்டைத் துவைக்கக்கூட மற்றத் துணிகளோடு போடமாட்டாள். செக்கிங் அக்கா என்று இப்போது பேர். அந்தப் பேர் போய்விடும் என்று பயந்தாள். பெரிய பயமா அது? பெரிய பயம்தான். வேறு யாருக்குச் சின்னதாகத் தெரிந்தாலும் அவளுக்கு அது பெரிய பயம்தான்.

டம்ளர் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "ஆரம்பிச்சரலாங்களா மேடம்?" என்றார் பெஞ்சமின். ஆரம்பிங்க என்று சொல்ல வாய் திறந்தாள், அதற்குள் தாமோதரன் சார் உள்ளே வந்துவிட்டார். தரத்துக்கெல்லாம் பொறுப்பான மேனேஜர். அவளைவிடப் பத்து வயசு சின்னவர், அதனால் அக்கா என்பார், கோபம் வந்தாலும் அக்கா என்றேதான் கோபப்படுவார். "அக்கா, சீக்கிரம் முடிச்சர்லாம். லோடு ஏத்திட்டிருக்காங்க, சர்ட்டிபிகேட் காப்பியும் கூடவே வேணும்ங்கறாங்க கஸ்டமரு. தீவாளிக்குள்ள சரக்கு போய்ச் சேரோணுமாமா." லாரி ஜன்னலுக்கு வெளியேதான் நின்றது. பெட்டிகள் லாரித் தளத்தில் விழும் சத்தம், ஒன்று, கொஞ்சம் இடைவெளி, இன்னொன்று. ஏற்றுகிறவர்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அந்தப் பெட்டிகளுக்குள் இருக்கும் கேபிள்களையெல்லாம் தேறியது என்று எழுதினது அவள் கை. இதற்கு முன்னால் இரண்டு லோடு போயாயிற்று. அவையும் பதினோரு நாளைக்குள் அடக்கம்.

பெஞ்சமின் வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டார். கேஜைக் கையில் எடுத்து, பிறந்த குழந்தையைப் பார்க்கிற மாதிரி இப்படியும் அப்படியும் திருப்பினார். ஒரு பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து, மேல் விளிம்பில் காய்ந்துபோயிருந்த பொட்டைத் துடைத்தார். துடைக்காதே என்று சொல்ல முடியுமா? சாமிப் பொட்டு, அழிக்காதீங்க என்று சொல்லலாமா? சொன்னால் சிரிப்பார்கள், இல்லையென்றால் சந்தேகப்படுவார்கள். பஞ்சு சிவப்பாகிறது. இன்னொரு பஞ்சு. அது மஞ்சளாகிறது. பிறகு அந்த நகக்கண் அளவு வெள்ளை இரும்பு பளிச்சென்று வெளியே வந்தது. "கீழ விழுந்துதுங்களா மேடம்?" தாமோதரன் சார் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார். லாரியில் ஒரு பெட்டி விழுந்தது. "இல்லீங்களே," என்றாள் சாந்தாமணி. எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. இத்தனை நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்த எந்தப் பதிலும் வரவில்லை, அந்த ஒரு சொல் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. "ஸ்டாண்டுல ஒரசியிருக்குங்க," என்று ஒன்றைச் சேர்த்தும் சொன்னாள். சேர்ப்பதில்தான் கை பழகிவிட்டதே. பெஞ்சமின் ம் என்றார். தாமோதரன் சார் மறுபடி செல்போனுக்குள் போனார்.

சுவரில் அடித்திருந்த இரும்புக் கம்பியில் கேஜைத் தொங்கவிட்டார்கள். இன்னும் சற்று நேரம்தான். நாற்பது கிலோவைத் தொங்கவிட்டால் முள் முப்பத்திரண்டில் நிற்கப்போகிறது. அது அவளுக்கு நிச்சயம். எப்படி நிச்சயம் என்றால், பூஜைக்கு முந்தின நாள் வரைக்கும் நாற்பத்தாறு, நாற்பத்தேழு என்று ஓடிக்கொண்டிருந்த கேபிள்கள், பூஜை முடிந்து வந்த முதல் நாளே முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று காட்டின. அதே கம்பி, அதே அளவு, அதே ஆறுக்குட்டியண்ணன். கேபிள் மாறவில்லை, விழுந்தது கேஜ்தான். அப்படியானால் கேஜ் எட்டு கிலோவை விழுங்குகிறது. உள்ளே ஸ்பிரிங் சோர்ந்துபோயிற்று. அவள் கீழே போட்டதால் சோர்ந்துபோயிற்று. குற்றம் செய்தவளுக்குத்தானே குற்றத்தின் அளவு தெரியும்? எட்டு கிலோ. சரி பார்க்காமலும் இல்லை. மூன்றாம் நாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், தண்ணீர் கேனை இழுத்துக்கொண்டு வந்து, இதே கம்பியில் கேஜை மாட்டி, அதில் கேனைத் தொங்கவிட்டாள். இருபது லிட்டர் கேன், இருபது கிலோ காட்ட வேண்டும். பதினேழு காட்டியது. பார்த்தாயா, இருபதுக்கே மூன்றை விழுங்குகிறது, நாற்பதுக்கு எட்டை விழுங்காதா என்று அவள் மனசு கணக்குப் போட்டு முடித்துவிட்டது. காலையிலிருந்து அந்தக் கேனிலிருந்து யார் யார் எத்தனை டம்ளர் குடித்தார்கள் என்று அந்த மனசு யோசிக்கவே இல்லை. யோசிக்க விருப்பமில்லை என்பதுதான் சரி. நடுவில் ஒரு நாள் முப்பத்தாறு வந்தது. அன்றைக்குக் கொஞ்சம் கை நின்றது. நாற்பத்து நாலு என்று எழுதினாள். கடைசி நாலு மட்டும் பக்கத்து எண்களைவிடக் கொஞ்சம் பெரிசாக விழுந்தது.

முதல் கல். பெஞ்சமின் இரண்டு கையாலும் தூக்கிக் கொக்கியில் விட்டார். முள் துள்ளி, இப்படி அப்படி ஆடி, நின்றது. அவர் ஒரு விரலால் கேஜின் பக்கவாட்டில் மெல்லத் தட்டினார், மறுபடி பார்த்தார், காகிதத்தில் எழுதினார். என்ன எழுதினார்? சாந்தாமணி நின்ற இடத்திலிருந்து முள் தெரியவில்லை, அவர் தோள்தான் தெரிந்தது. எட்டிப் பார்த்தால் ஏன் எட்டிப் பார்க்கிறாள் என்று தோன்றும், பார்க்காமல் நின்றால் ஏன் பார்க்காமல் நிற்கிறாள் என்று தோன்றும். சும்மா நிற்கிறவர்கள் கையை எங்கே வைத்துக்கொள்வார்கள்? கோட்டுப் பையில் விட்டாள். பையில் ஒரு பழைய நிப்பிள் கிடந்தது. கேபிள் நுனியில் குண்டாக இருக்குமே, பிரேக் கைப்பிடியின் பள்ளத்தில் போய் உட்காருமே, அந்த ஜிங்க் குண்டு. அதை நிப்பிள் என்று சொல்லப் பேக்கிங் பெண்களுக்குக் கூச்சம், பொட்டு என்பார்கள். கம்பி நுனியைப் பூவாக விரித்து, அந்தப் பூவின் மேல் ஜிங்கை உருக்கி ஊற்றினால் குண்டு கம்பியைப் பிடித்துக்கொள்ளும். பூ நன்றாக விரிந்தால் நன்றாகப் பிடிக்கும். விரிக்கிறது வார்ப்பு மெஷினின் அந்த இரும்புப் பஞ்ச். விரலுக்கு நடுவில் அந்த நிப்பிளை உருட்டிக்கொண்டே இருந்தாள். இரண்டாவது கல். தட்டல். எழுத்து. மனுசன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. டாக்டர்கள் இப்படித்தான், ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார்கள், நோயாளி அவர்கள் புருவத்தைப் பார்த்துக்கொண்டு பாதி செத்துப்போவான். தாமோதரன் சார் வாசலுக்குப் போய், "இன்னும் எத்தனை பொட்டிங்க?" என்று கத்தினார். "முப்பதுங்," என்று வந்தது பதில்.

மூன்றாவது கல் ஏறும்போது பெஞ்சமின் நிறுத்தினார். அவர் கையுறையைக் கழற்றி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். தெரிந்துவிட்டது. நிச்சயம் தெரிந்துவிட்டது. இப்போதே சொல்லிவிடலாமா, அவர் கண்டுபிடித்து நான் ஒப்புக்கொள்வதைவிட நானாகச் சொன்னால் பேக்கிங்கோடு போகும், இல்லையென்றால் கேட்டுக்கு வெளியேதான் போக வேண்டியிருக்கும். சார், ஆயுத பூஜையன்னிக்கு ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. நடந்துபோச்சா, நடத்தினாயா? சார், நான் ஒரு தப்பு பண்ணிட்டேனுங்க. ஆனா எட்டைக் கூட்டிச் சரியாத்தானுங்க எழுதியிருக்கேன், சரக்குக்கு ஒரு கெடுதலும் இல்லீங்க. ஆமாம், அதையும் சொல்ல வேண்டும். சரக்குக்குக் கெடுதல் இல்லை. அதுதான் அவளைப் பதினோரு நாளும் தூங்கவிட்டது, கேஜுக்குத்தான் கெடுதல், சரக்குக்கு இல்லை. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். நாலாவது கல்லும் ஏறிற்று. நாற்பது. பெஞ்சமின் தட்டினார். இன்னொரு தடவை தட்டினார். எழுதினார். ஐந்தாவதும் ஏறிற்று. பிறகு ஒவ்வொன்றாக இறக்கினார், இறக்கும்போதும் எழுதினார், மறுபடி ஏற்றினார். மூன்று தடவை. அவள் உள்ளங்கையிலிருந்த நிப்பிள் நனைந்து வழுக்கிற்று.

"தங்கமான கேஜுங்க சார்," என்றார் பெஞ்சமின். "நாப்பதுக்கு நாப்பது. அம்பதுக்கு அம்பது. ஒரு கோடு கூட நகரலீங்க. இப்ப வர்ற டிஜிட்டலெல்லாம் இதுகிட்ட நிக்காது." பச்சை ஸ்டிக்கரை உரித்து, அந்த நகக்கண் அளவு வெள்ளையின் மேலேயே ஒட்டினார், கட்டை விரலால் அழுத்தினார். தாமோதரன் சார், "அக்கா கையில இருக்கறது எப்பவும் அப்புடித்தானுங்க," என்று பெருமையாகச் சிரித்தார். சாந்தாமணி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. மாகாளியம்மா, உனக்கு ஒரு மாவிளக்கு. கேஜுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் கீழே போட்டும் ஒன்றும் ஆகவில்லை. கோட்டு என்னிடமே இருக்கும், பேர் இருக்கும், தீபாவளிக்குத் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போகலாம். நாற்பதுக்கு நாற்பது. ஒரு கோடு கூட நகரவில்லை. நாற்பதுக்கு நாற்பது என்றால் முப்பத்தெட்டுக்கு முப்பத்தெட்டு.

முப்பத்தெட்டுக்கு முப்பத்தெட்டு. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று ஒரு நொடி அவளுக்கே புரியவில்லை. வந்த சந்தோசம் வந்த வழியே திரும்பிப் போவதை நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கேஜ் எதையும் விழுங்கவில்லை. அப்படியானால் முப்பத்தெட்டு என்று காட்டிய கேபிள் முப்பத்தெட்டிலேயேதான் விட்டது. முப்பத்தாறு என்று காட்டியது முப்பத்தாறில். பூஜையன்று மாறினது கேஜ் இல்லை, ஆறுக்குட்டியண்ணன் புதுசாக மாட்டினாரே, அந்தப் பஞ்ச். அது பூவை விரிக்கவில்லை. பதினோரு நாளாக இந்தக் கருவி அவளிடம் மணிக்கு ஐந்து தடவை உண்மையைச் சொன்னது, அவள் எட்டைக் கூட்டி அதன் வாயை அடைத்தாள். தான் பாவம் செய்துவிட்டோம் என்ற நினைப்பிலேயே முழுகிக் கிடந்ததில், வேறெங்கும் தப்பு நடக்கக்கூடும் என்றே தோன்றவில்லை. கேஜ் சரி என்றால் சரக்கு தப்பு. இரண்டு லோடு போயாயிற்று. மூன்றாவது வெளியே நிற்கிறது. ஒரு பெட்டி விழுந்தது. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது, இதை அவள் நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நினைத்தாள், நன்றாகவே நினைத்தாள். நோட்டில் நாற்பத்தாறு, கேஜில் பச்சை, இனி எந்த ஆண்டவன் வந்து பார்த்தாலும் குறை இல்லை. பஞ்ச்சை மட்டும் சாடையாகச் சொல்லி மாற்றிவிடலாம். இதுவரை போனது போகட்டும், எல்லாக் கேபிளுமா விட்டுவிடும், மெதுவாக ஓட்டுகிற பிள்ளைகளும் இருப்பார்கள்தானே. இன்னொரு பெட்டி. பையிலிருந்த நிப்பிளைக் கை இறுக்கிப் பிடித்திருந்தது. பிரேக்கைப் பிடிக்கிற கை. பள்ளத்தில் போகும்போது பிடிக்கிற கை. நிப்பிள் கம்பியை விட்டு நழுவினால் சத்தம்கூட வராது, கைப்பிடி லேசாகிப் போய் ஹேண்டில்பாரோடு ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். அந்த லேசு அவள் விரல்களுக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது, பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

"வண்டிய நிறுத்துங்க சார்," என்றாள். குரல் வரவில்லை. மறுபடி சொன்னபோது கத்தலாக வந்தது. சர்ட்டிபிகேட்டில் கையெழுத்துப் போடப்போன தாமோதரன் சாரின் பேனா நின்றது.

"என்னாச்சுங்க்கா?"

"கேஜு சரீன்னா நான் எழுதுனது பொய்யிங்க சார். இது கீழ விழுந்துதுங்க. ஆயுத பூஜையன்னிக்கு நாந்தான் போட்டேன். இப்ப கேட்டப்பவும் இல்லைன்னுட்டேன். கொறைச்சுக் காட்டுதுன்னு நெனச்சு, அன்னீலிருந்து எட்டு எட்டாக் கூட்டி எழுதிட்டிருந்தேனுங்க."

பெஞ்சமின் பச்சை ஸ்டிக்கரைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். தாமோதரன் சாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது பேனாவைக் கீழே போட்டார். அக்கா என்று கோபப்படவும் இல்லை. வாசலுக்கு ஓடி, ஏற்றுவதை நிறுத்தச் சொன்னார். வெளியே சத்தம் நின்றது. அந்த அமைதியில் சாந்தாமணி லாரி வரைக்கும் நடந்து போய், கைக்கு எட்டின பெட்டியைக் கிழித்து, ஒரு கேபிளை உருவிக்கொண்டு வந்தாள். யாரும் தடுக்கவில்லை. கேஜை ஸ்டாண்டில் பூட்டினாள், நிப்பிளைக் கொக்கியில் மாட்டினாள், சிவப்பு முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தாள். கேபிளை இழுக்கும் ஸ்டாண்டுச் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தாள். ஒருவேளை, ஒருவேளை இது நாற்பத்தாறு காட்டிவிட்டால் என்று கடைசி நேரத்திலும் ஒரு ஆசை உள்ளே கிடந்து துடித்தது. இருபது. முப்பது. முப்பத்தைந்து. நிப்பிள் கம்பியை விட்டுச் சுத்தமாகக் கழன்று விழுந்தது. கறுப்பு முள் பூச்சியத்துக்கு வந்தது, சிவப்பு அங்கேயே நின்றது.

தாமோதரன் சார் நோட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "எவ்வளவுன்னு எழுதட்டும்?" என்றார், முள்ளைப் பார்க்காமல்.

"முப்பத்தேழு," என்றாள் சாந்தாமணி. "அவ்வளவுதானுங்க சார்."